நெற்றி சொல்லாத ஜுரம்

மலர்க்குழு நண்பர்கள் இவ்வருடம் என்னிடம் 'வீட்டுக்கு உபயோகமாக ஒரு அறிவியல் கட்டுரை' கேட்டார்கள். கூடவே, "சார், ரொம்ப தியரியாப் போயிடாதீங்க. மாமிகளும் படிக்கணும்" என்று ஒரு எச்சரிக்கையும் விடுத்தார்கள். மலரை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படிப்பவர்கள் மாமிகள்தான் என்பது என் அனுபவம். ஆகவே அந்த எச்சரிக்கையை ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள், நெற்றிக்கு நேரே பிடித்து விசையை அமுக்கினால் ஒரே விநாடியில் ஜுரத்தைச் சொல்லும் தொடாத தர்மாமீட்டர். 2020இல் கொரோனா வந்தபோது கடை வாசலிலும் மெட்ரோ வாசலிலும் நம் நெற்றிக்கு எதிரே நீட்டினார்களே, அதேதான். அப்புறம் அது வீட்டுக்குள் வந்து, டி.வி. ரிமோட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதை நம்பி நான் இரண்டு நாட்களைக் கோட்டை விட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 அக்டோபர், பூஜைக்கு முந்தின வாரம். லேக் மார்க்கெட் பக்கம் பந்தல் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. என் தாயாருக்கு அப்போது 79 வயது. சாயங்காலம் நான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது, தலைவலி என்று நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருந்தார். "ஜுரமா இருக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டே துணியை எடுத்துவிட்டுக் கருவியைக் காட்டினேன். 97.5. மறுபடி காட்டினேன். 97.3. "ஒண்ணுமில்லம்மா, நார்மல்தான்" என்றேன். புணேயில் இருக்கும் என் பையனுக்கும் ஃபோனில் அதையே சொன்னேன்.

மறுநாள் நெற்றி முழுக்க தைலம். 98.1. "உடம்பை முறிச்சுப் போடுதுடா, கண்ணுக்குப் பின்னாடி வலிக்குது" என்றார் அம்மா. எண் சரியாக இருக்கிறதே என்று நான் வயதின்மேல் பழியைப் போட்டேன். மூன்றாம் நாள் காலை கீழ்வீட்டு மாஷிமா பார்க்க வந்தார். அம்மாவின் கழுத்தில் புறங்கையை வைத்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "ஜொர் ஆச்சே!" என்றார். ஜுரம் இருக்கிறதே என்று பொருள். வங்காளிகளின் 'ஆச்சே' நம் 'ஆச்சே' மாதிரியே காதில் விழும். அன்றைக்கு இரண்டு அர்த்தத்திலும் விழுந்தது. அவர் வீட்டுப் பழைய பாதரசத் தர்மாமீட்டரைக் கொண்டுவந்து அக்குளில் வைத்தோம். 102.4. அன்று மத்தியானமே இரத்தப் பரிசோதனை செய்ததில் டெங்கு என்று வந்தது.

கருவி பழுதில்லை. பின்னால் அதைச் சோதித்துப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. நான் கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. நான் கேட்டது 'ஈரத்துணி போட்ட நெற்றித் தோலின் சூடு என்ன' என்ற கேள்வி. 'அம்மாவுக்கு ஜுரமா' என்று கேட்டதாக நினைத்துக்கொண்டதுதான் பிழை.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

சூடுள்ள எந்தப் பொருளும் சும்மா இருப்பதில்லை. ஓயாமல் கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. கொல்லன் உலையில் இரும்பு சிவப்பது நமக்குத் தெரிகிறது. நம் உடம்பும் அப்படித்தான் ஒளிர்கிறது, ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பில். 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒளியே விழாத இருட்டில் வைத்த தர்மாமீட்டரும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் அகப்பட்டது.

எந்தச் சூட்டில் எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர் வரும் என்று கணக்கிடும் விதியை 1900இல் ஜெர்மனியில் பிளாங்க் கண்டுபிடித்தார். விதி சரி, அதற்கு அவர் காட்டிய வழிதான் சரியில்லை என்று உறுத்திக்கொண்டே இருந்தது ஒருவருக்கு. அவர் நம் ஊர்க்காரர். வடகொல்கத்தாவில் வளர்ந்த சத்யேந்திரநாத் போஸ். 1924இல், டாக்காவில் ஆசிரியராக இருக்கும்போது, ஒளியைத் துகள்களாகவே எண்ணி ஒரு புது வழியில் அந்த விதியை வருவித்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். டாக்காவுக்குப் போகுமுன் போஸ் இங்கே பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் ஆசிரியர். 1917இல் அதே துறைக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் நம் சி.வி. ராமன். ராமன் இந்த ஊருக்கு 1907இல் வந்தது விஞ்ஞானியாக அல்ல, கணக்குத் துறை அதிகாரியாக என்பதை, அதே துறையில் முப்பது வருஷம் பேரேடு புரட்டிய நான் பெருமைக்காக அல்லாமல் வெட்கத்தோடு இங்கே குறிப்பிடுகிறேன். அவர் ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் பௌபஜார் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தார் என்று உலகத்துக்கே தெரியும்.

கருவிக்கு வருவோம். அதன் மூக்கில் ஒரு சின்னக் கண்ணாடி போல இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னால் வெப்பமின்னடுக்கு என்றொரு உணரி. இரு வேறு உலோகங்கள் சேரும் சந்திப்பில் சூடேறினால் சிறிது மின்னழுத்தம் பிறக்கும். அப்படிப்பட்ட சந்திப்புகள் நிறைய ஒரு பொட்டு அளவுக்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். நெற்றியிலிருந்து வரும் கதிர் அதில் விழ, மின்னழுத்தம் எழ, கருவிக்குள்ளிருக்கும் சில்லு அதைச் சூடாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கருவி எதையும் நம் தலைக்குள் அனுப்புவதில்லை. வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. 2020இல் 'நெற்றியில் காட்டினால் மூளை செல் அழியும், கையில் காட்டச் சொல்லுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வலம் வந்தது வெறும் புரளி. அதைக் கேட்டுக் கையில் காட்டச் சொன்னவர்களின் கை, நெற்றியைவிட இன்னும் குளிர்ச்சியானது என்பதுதான் அதிலிருந்த கேடு. இரண்டாவது, மிகச் சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இது பிழைப்பு நடத்துகிறது. உடம்பு 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் அது விடும் கதிர் சுமார் 1.3 சதவீதம்தான் கூடும். ஆகவே வழியில் எது குறுக்கிட்டாலும் கணக்கு கெடும்.

ஒரு காப்பிப் பரிசோதனை

குறுக்கீடு என்றால் என்ன என்பதை அடுக்களையிலேயே பார்க்கலாம். பெரும்பாலான கருவிகளில் இரண்டு முறைகள் உண்டு: உடம்பு, பரப்பு. (ஆள் படமும் வீடு அல்லது பாட்டில் படமும் போட்டிருக்கும்.) பரப்பு முறையில் வைத்துக்கொண்டு, சூடான காப்பியை ஒரு எவர்சில்வர் டம்ளரிலும் தெருமுனை டீக்கடை மண் குவளை ஒன்றிலும் ஊற்றி, இரண்டின் வெளிப்பக்கத்தையும் அளந்தேன். மண் குவளை 55 டிகிரி செல்சியஸ் காட்டியது. கையில் பிடிக்க முடியாத டம்ளரோ 37! பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் கதிராக விடுவதில் மகா கஞ்சன். அறையின் கதிரைத்தான் பிரதிபலிக்கும். அதே டம்ளரின் மேல் ஒரு துண்டு காகித நாடாவை ஒட்டி, அதை அளந்தேன். எண் சட்டென்று ஏறி மண் குவளைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மனிதத் தோல் இந்த விஷயத்தில் உத்தமம். கறுப்போ சிவப்போ, அகச்சிவப்பைப் பொறுத்தவரை எல்லாத் தோலும் ஏறக்குறைய மண் குவளை ஜாதி. ஆனால் தோல் வெறும் தோலாக இருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல். கருவியைச் செய்தவன் ஒன்றும் பூசாத நெற்றியை நினைத்துச் செய்திருக்கிறான். நம் நெற்றியோ காலி மனையாக இருப்பதில்லை. விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், நாமம். தலைக்கு வைத்த எண்ணெய் வழிந்து வந்திருக்கும். தலைவலி என்றால் சுக்குப் பற்று, தைலம். காய்ந்த விபூதியின் மேல் காட்டினால் கருவி அளப்பது தோலை அல்ல, மேலே இருக்கும் பொடியை. சந்தனமும் தைலமும் ஆவியாகித் தோலைக் குளிர வைக்கும். ஈரத்துணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வங்காளிகளின் 'ஜல்பட்டி'யும் இதேதான். ஜுரத்துக்கு இரு வீட்டாரும் முதலில் செய்யும் உபசாரமே, அந்த ஜுரத்தைக் கருவியின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

குங்குமத்தை அழிக்கச் சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். புருவத்துக்கு மேலே, பொட்டுக்குப் பக்கவாட்டில், துடைத்துக் காய்ந்த தோலைப் பார்த்து அளந்தால் போதும். சில கருவிகளின் கையேட்டில் நடு நெற்றிதான் வேண்டும் என்றிருக்கும். அப்போது துடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பொறுத்து அளந்து, பிறகு இட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர் காற்று

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் நிபந்தனைகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அறையின் சூடு 16 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாமாம். சரி, சித்திரை வெயிலில் சில நாட்களைத் தவிர்த்தால் தேறும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டுமாம். ஆடி ஆவணியில் கொல்கத்தா காலை நேரத்தை இவர்கள் பார்த்ததில்லை! அப்பளம் பிரித்து வைத்தால் அரை மணியில் நமுத்துப் போகிற ஊர் இது. 85ஐத் தாண்டுவது நமக்குச் சாதாரணம். நெற்றியில் வேர்வை காயவே காயாது. கொசு பெருகி டெங்கு வருவதும் இந்த மழையை ஒட்டித்தான். ஜுரம் பார்க்க வேண்டிய மாதங்களிலேயே கருவிக்கு நம் காற்று ஒத்துக்கொள்வதில்லை.

அந்த நிர்வாகம் இன்னொன்றும் சொல்கிறது. அளக்கப்போகும் அறையில் கருவி 10 முதல் 30 நிமிஷம் வரை இருந்து பழக வேண்டும். காரணம் எளிது: உணரி தன்னுடைய சூட்டோடு ஒப்பிட்டுத்தான் நெற்றியின் சூட்டைக் கணக்கிடுகிறது. ஏ.சி. அறை அலமாரியிலிருந்து எடுத்துக் கூடத்துக்கு ஓடிவந்து அளந்தால் அந்த ஒப்பீடே தடுமாறும். ஆளும் அப்படியே. வெயிலில் பள்ளியிலிருந்து வந்த குழந்தை, அடுப்படியிலிருந்து வந்த அம்மா, குளித்துவிட்டு வந்த தாத்தா, எல்லோரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஆறட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

தூரம் பெரும்பாலும் 3 முதல் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு மூன்று விரற்கடை. உங்கள் கருவியின் கையேடு எது சொல்கிறதோ அதுவே சரி. தள்ளிப் பிடித்தால் அதன் பார்வை விரிந்து தலைமுடியையும் பின்னாலிருக்கும் சுவரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். செங்குத்தாகப் பிடித்து மூன்று தடவை பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த எண்களை நம்பாதீர்கள். முறை 'உடம்பு' என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் பால் பாட்டிலை அளந்து விளையாடிவிட்டுப் பரப்பு முறையிலேயே விட்டுவிடுவார்கள். அப்போது ஜுரக்காரருக்கும் 94, 95 என்று காட்டும். நெற்றித் தோல் எப்போதுமே உள்ளுடம்பைவிடக் குளிர்ந்தது. உடம்பு முறையில் கருவி அந்த வித்தியாசத்தை ஒரு சூத்திரப்படி ஊகித்துக் கூட்டிச் சொல்கிறது. ஆக, திரையில் வருவது பாதி அளவை, பாதி அனுமானம்.

எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது

98.6 என்பது வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. ஜெர்மனியில் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர் சுமார் 25,000 நோயாளிகளை அளந்து 1868இல் வெளியிட்ட 37 டிகிரி செல்சியஸ்தான் ஃபாரன்ஹீட்டில் 98.6 ஆகியது. பின்னாளைய ஆய்வுகளில் சராசரி அதற்குச் சற்றுக் கீழேதான் வருகிறது. அதிலும் ஒரே ஆளுக்குக் காலையில் குறைவு, சாயங்காலம் கூடுதல். வயதானவர்களுக்கு இயல்பே தாழ்வு. நோய் வந்தாலும் பெரிதாக ஏறாது. என் தாயார் சுகமாக இருக்கும்போது கருவியில் 97க்கு ஒட்டியே இருப்பார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்கு 99 என்பதே ஒரு செய்தி. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போது நாலைந்து நாள் காலை மாலை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் இயல்பிலிருந்து 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால், திரையில் பச்சை விளக்கு எரிந்தாலும், முதியவருக்கு அது ஜுரம்தான்.

என் தீர்மானம் இது. இந்தக் கருவி 'இருக்கிறது' என்று சொன்னால் காது கொடுக்கலாம். 'இல்லை' என்று சொன்னால், உடம்பு வேறு மாதிரி சொல்லும்போது, அதை ஏற்கக் கூடாது. அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் தர்மாமீட்டர் ஒன்று கூடவே இருக்கட்டும். கையை ஒட்டி வைத்து, 'பீப்' வரும்வரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் வாயில் வைப்பதைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பது நினைவிருக்கட்டும். பழைய பாதரசத் தர்மாமீட்டர் உடைந்தால் வீட்டுக்கு நஞ்சு. பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றுக்கொண்டது. இருந்தும் மாஷிமாவின் அந்தப் பழைய கண்ணாடிக் குழாய்க்கு நான் கடன்பட்டவன். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 100.4 அல்லது அதற்கு மேல் என்று எந்தக் கருவி காட்டினாலும் மறுபடி மறுபடி அளந்துகொண்டிராமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் ராத்திரி இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டுமானால், அதற்கு இந்தக் கருவியை மிஞ்சியது இல்லை. அந்தப் புண்ணியத்தை நான் மறுக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. இதை டாக்டர் எனக்குச் சொன்னபோது நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அம்மாவுக்கு ஜுரம் இறங்கியது. அக்குளில் 98. இந்தத் தடவை உண்மையான 98. நான் சந்தோஷமாக டாக்டருக்கு ஃபோன் செய்தேன். அவர், "இனிமேல்தான் ஜாக்கிரதையா இருக்கணும். வயிறு வலிக்குதான்னு கேளுங்க" என்றார். கேட்டேன். "காலையிலேர்ந்து வலிக்குதுடா, ஜுரம் விட்டுச்சேன்னுதான் சொல்லல" என்றார் அம்மா. டெங்குவில் ஜுரம் இறங்கும் சமயமே, அதாவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ஆபத்து வரக்கூடிய கட்டம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அசாதாரண சோர்வு அல்லது பதற்றம், இவற்றில் எது வந்தாலும் எண்ணைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அன்று மாலையே சேர்த்தோம். தட்டணுக்கள் 41,000க்கு இறங்கியிருந்தன. ஐந்து நாள் இருந்து, தசமி கழித்து வீட்டுக்கு வந்தார். ஜுரத்துக்குப் பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் முதலிய வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, அவை இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

டெங்கு நமக்கும் இந்த ஊருக்கும் புதிதல்ல. இந்தியாவில் அதுபோன்ற நோய்ப் பரவல் முதன்முதலில் பதிவானது 1780இல், நம் சென்னையில். வைரஸ் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்ட முதல் பெரிய பரவல் 1963-64இல், இந்தக் கல்கத்தாவிலும் கிழக்குக் கடற்கரையிலும். மலேரியா கொசுவால் பரவும் விதத்தை 1898இல் ரொனால்டு ராஸ் பறவைகளை வைத்து நிரூபித்ததும் இங்கேதான். அவர் வேலை செய்த இடத்தில் இன்று எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரியின் மதில் ஓரமாக நினைவுச்சின்னம் நிற்கிறது. மலேரியா ஜுரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரலாம், குளிர் நடுக்கத்துக்குப் பின் உச்சத்துக்குப் போய் வேர்த்து இறங்கலாம். இறங்கிய வேளையில் நெற்றியில் காட்டினால் எந்தக் கருவியும் நார்மல் என்றுதான் சொல்லும். அதனால் எண்ணோடு மணியையும் எழுதுங்கள். பாரசிட்டமால் கொடுத்த மணியையும் எழுதுங்கள். நான் கொண்டுபோன நோட்டில் அதைத்தான் டாக்டர் முதலில் தேடினார்.

இப்போது எங்கள் வீட்டில் அந்த நோட்டு காலண்டர் ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது. கருவியின் மூக்குக் கண்ணாடியை மாதம் ஒரு முறை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவைக்கிறேன். விரல் ரேகை பட்டால் அதுவும் ஒரு விபூதிதான். பேட்டரி சின்னம் சிமிட்டினால் அன்றைக்கே மாற்றிவிடுகிறேன். அம்மாவுக்கு மட்டும் கருவியின்மேல் கோபம் தீரவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு வந்தால், "அதைத் தூர வைடா. முதல்ல கையை வெச்சுப் பாரு" என்கிறார். கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.